வாலைப் பார்த்துப் படித்த வார்த்தைகள்

அந்தக் கரும்பலகை ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். காலையில் ஒரு நர்ஸ் வந்து, அன்றைக்கு யாருக்கு என்ன அறுவை என்று சாக்பீஸால் பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போவாள். அதற்குக் கீழே டிராலியை நிறுத்திக்கொண்டு, உள்ளேயிருந்து குரல் வரும்வரை நான் காத்திருக்க வேண்டும். ஈத்தர் வாசனை கதவிடுக்கு வழியாக வந்து மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். தரை எப்போதும் ஈரமாக இருக்கும்.

அன்று டிராலியில் படுத்திருந்தவர் என் சிநேகிதர் காதர் நானா. கழுத்துவரை வெள்ளைத் துணி. கண்ணை மட்டும் உயர்த்திப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முத்தையா, என் வரி எதுப்பா?” என்றார். குரல் பாதி காற்றும் பாதி கரகரப்புமாக வந்தது.

“மூணாவது வரி. உங்க கட்டில் நம்பர் போட்டிருக்கு பாருங்க.”

“ரெண்டு வார்த்தைதானே?”

“ரெண்டுதான் நானா.”

“கிட்டப் போயி நல்லாப் பாரு. ஓரத்துல பொடி எழுத்துல வேற எதையாச்சும் சேத்து வச்சிருக்கப் போறானுவ.”

கிட்டப் போய்ப் பார்த்தேன். பலகையின் ஓரம், மேல்பக்கம், அழித்த இடம் எல்லாவற்றையும் பார்த்தேன். சாக்பீஸ் தூள் சட்டையில் ஒட்டியது.

“சிஸ்டர் சொன்ன அதே ரெண்டு. வேற ஒரு புள்ளிகூடக் கிடையாது.”

“அப்ப சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். தள்ளினேன்.

பள்ளிக்கூடத்தின் உள்ளே போகாத இரண்டு பேர், இங்கிலீஷில் எழுதிய இரண்டு நீள வார்த்தைகளை எதற்காக இப்படிச் சரிபார்த்தோம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். எனக்கு நேராகச் சொல்லி வழக்கமில்லை. அது உங்களுக்கே தெரியும்.

வாசகர் கேட்ட கேள்வி

போன வாரம் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், ‘எழுதப் படிக்கத் தெரியாதவரை எப்படி ஆபரேஷன் தியேட்டரில் வைத்திருந்தார்கள்?’ என்று கேட்டிருந்தாராம். நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதுகிறவள் என் மருமகள். அவளே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நானும் இதைக் கேக்கணும்னுதான் இருந்தேன் மாமா” என்றாள்.

நியாயமான கேள்வி. என் வயதில் இருந்த பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய நேரத்தில் சண்டையில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்துவிட்டான். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. அந்த மீசையோடு ‘அ’னா எழுத வெட்கமாக இருந்தது. மரவள்ளிக்கிழங்கு தின்றே வளர்ந்த உடம்பு, ஆனாலும் பலம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் தண்ணீர் தூக்க எடுத்துக்கொண்டார்கள். பிறகு கழுவ. பிறகு டிராலி தள்ள. அப்படியே அட்டெண்டன்ட் ஆகி, தியேட்டர் வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

தண்ணீர் தூக்குகிறவரை எழுத்தே தேவைப்படவில்லை. தியேட்டருக்கு வந்த பிறகுதான் வினை வந்தது. ஒவ்வோர் அறுவைக்கும் வேறு வேறு சாமான் எடுத்துவைக்க வேண்டும். எதையாவது வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்றால், மருந்துத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடி தயாராக இருக்க வேண்டும். எடுத்ததை அதில் போட்டுச் சோதனைச்சாலைக்கு நான்தான் கொண்டுபோக வேண்டும். குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்றால், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. ஓட்டை போடப் போகிறார்கள் என்றால் ரப்பர்க் குழாய். எல்லாம் அந்தப் பலகையில்தான் எழுதியிருக்கும்.

பலகையைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஒவ்வொரு வார்த்தையும் கூட்ஸ் ரயில் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் ஜாடி வைக்க வேண்டிய இடத்தில் திரையைக் கட்டிவிட்டேன். உள்ளே டாக்டர் கையில் எதையோ வைத்துக்கொண்டு ஜாடி எங்கே என்று கத்தினார்.

தலை டாக்டருக்கு, வால் எனக்கு

தியேட்டரின் சிஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வீடு காத்தோங் பக்கம், சிலோன் ரோட்டில், பிள்ளையார் கோயிலுக்கு அருகில். வெள்ளிக்கிழமைகளில் நெற்றியில் விபூதிக் கீற்று தெரியும். அதட்டினாலும் மரியாதை குறையாமல் அதட்டுவார்.

“முத்தையா, இஞ்ச வாரும்” என்றார். திட்டு விழப்போகிறது என்று போனேன். சாக்பீஸை எடுத்து, பலகையின் அடியில் ஒரு நீள வார்த்தையை எழுதினார்.

“உமக்கு இது முழுக்க வாசிக்கத் தேவையில்லை. தலை டாக்டருக்கு. உமக்கு வால் போதும். கடைசி எழுத்தைப் பாரும். என்ன மாதிரி இருக்கு?”

“கவட்டை மாதிரி இருக்குங்க சிஸ்டர். மாங்கா அடிக்கிற கவட்டை.”

“அதுக்கு முன்னால?”

“ரெண்டு கூரை ஒட்டி நிக்குது. கடைவீடு மாதிரி.”

“அதுக்கு முன்னால?”

“வளையம். அதுக்கு முன்னால துணி காயப்போடுற கம்பம்.”

“கம்பம், வளையம், ரெண்டு கூரை, கவட்டை. இந்த நாலும் வால்ல நிண்டா கத்தி வைக்கினம் எண்டு அர்த்தம். இப்ப அந்தக் கம்பத்துக்கு முன்னால என்ன நிக்குது எண்டு பாரும். அதுதான் உம்மட வேலை.”

கம்பத்துக்கு முன்னால் பிறை நின்றால் எக்டமி. வெட்டி எடுப்பது. ஜாடி வை. பாம்பு நின்றால் ஆஸ்டமி. உடம்பில் புதிதாக ஒரு வாசல் வைப்பது. குழாய் எடு. வெறும் வளையம் நின்றால் ஆட்டமி. திறப்பது, பார்ப்பது, மூடுவது. கவட்டைக்கு முன்னால் இரண்டு கூரை இல்லாமல், நட்ட குச்சியில் முட்டை ஒட்டின மாதிரி ஓர் எழுத்து நின்றால் ஸ்கோப்பி. குழாய் விட்டு எட்டிப் பார்ப்பது மட்டும். திரை கட்டு. பாம்பிலேயே முடிந்தால் ஐட்டிஸ். வீக்கம். கத்தி வேண்டியிருக்கலாம், வேண்டாமலும் போகலாம்.

இவ்வளவுதான் என் படிப்பு. ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பலகை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. முதலில் வாலைப் பிடித்தேன். பிறகு தலைகளும் ஒவ்வொன்றாகப் பழக்கமாகின. அப்பெண்டிசெக்டமி என்றால் குடல்வாலை எடுப்பது. டான்சிலெக்டமி என்றால் தொண்டைச் சதையை எடுப்பது. பித்தப்பையை எடுக்க ஒரு வார்த்தை உண்டு, கோலிசிஸ்டெக்டமி. அதை முதல் தடவை சொல்லி முடித்தபோது மலை ஏறி இறங்கிய மாதிரி இருந்தது. லாப்பராட்டமி, கொலாஸ்டமி, சிஸ்டாஸ்கோப்பி. பாயில் படுத்துக்கொண்டு வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். இந்த மூலைக்கு ஒரு பெயர், அந்த மடிப்புக்கு ஒரு பெயர். என் உடம்பை ஒரு தடவைகூடப் பார்க்காத யாரோ, எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ உட்கார்ந்து, என் வயிற்றுக்குள் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நினைத்தால் புல்லரிக்கும்.

“இது இங்கிலீஷே இல்லை முத்தையா” என்றார் சிஸ்டர் ஒருநாள். “கிரேக்க நாட்டுச் சொல்லுகள். இங்கிலீஷ்காரருக்கும் இது பிறத்திப் பாஷைதான்.”

நான் நம்பவில்லை. பிறகு நம்ப வேண்டி வந்தது.

கப்பல்காரன்

ஒரு சரக்குக் கப்பலில் வேலை செய்த இங்கிலீஷ்காரன். ஆள் கதவு உயரம். கையில் பச்சை குத்தியிருந்தான். பலகைக்குக் கீழே டிராலியை நிறுத்தியதும் அவன் தன் வரியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே வெள்ளைக்காரன், அதற்கு மேலும் வெளுத்தான்.

“வாட்ஸ் தட் சே, மேட்?” என்று என்னைக் கேட்டான்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவன் பாஷை பேசுகிறவன், அவன் எழுத்துப் படித்தவன், என்னைக் கேட்கிறான்! நான் வாலைப் பார்த்தேன். பிறை. எடுப்பது. தலையும் எனக்குத் தெரிந்த தலைதான், ஹெமராய்டெக்டமி. எப்படிச் சொல்வது? திரும்பி நின்று என் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டி, கரண்டியால் அள்ளுகிற மாதிரி கையை ஆட்டினேன்.

அவன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், டிராலி ஆடியது. சக்கரம் கிறீச்சிட்டது. சிஸ்டர் கதவைத் திறந்து, “என்ன கூத்து இது?” என்றார். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

அந்த வார்த்தைகளுக்கு முன்னால் எல்லோரும் என்னைப் போலத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு வாலாவது கிடைத்திருந்தது.

தேக்காவில் ஒரு விளையாட்டு

இதையெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? வேலை முடிந்து சாயங்காலம் தேக்காவுக்கு வந்தால், சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் பக்கீருடைய சராபாட் கடை. நாலு பலகை, ஒரு தகரக் கூரை, இஞ்சி தட்டிப் போட்ட தே. தேநீருக்கு இங்கே தே என்றுதான் பெயர். அங்கே நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வார்த்தை கொண்டுபோய், அதன் வாலைக் கரித்துண்டால் பலகையில் வரைந்தும் காட்டுவேன். அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது.

விளையாட்டுக்குச் சட்டம் உண்டு. வார்த்தையைக் கொண்டுவந்தவன் ஒரே மூச்சில் அதைச் சொல்ல வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. சொன்ன கையோடு தன் உடம்பில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். மற்றவர்கள் வாலைப் பிடித்து அர்த்தத்தைக் கத்த வேண்டும். எக்டமி என்றால் “எடு!” ஆஸ்டமி என்றால் “வாசல்!” ஸ்கோப்பி என்றால் “பாரு!” பக்கீர் தேயை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். வார்த்தை எவ்வளவு நீளமோ அவ்வளவு மரியாதை. நீள வார்த்தை என்றால் பெரிய அறுவை என்பது எங்கள் எல்லோருக்கும் உறுதி. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கத்துவதில் காதர் நானாவை மிஞ்ச ஆள் கிடையாது. நாகப்பட்டினத்துக்காரர். சிராங்கூன் ரோட்டு நடைபாதையில் துண்டுத் துணி பரப்பி லேலோங் போடுகிறவர். லேலோங் என்றால் ஏலம்தான், மாரி என்றால் வா, இங்கே மலாயில் அப்படிச் சொல்வார்கள். “மாரி மாரி! லேலோங் லேலோங்! அக்கா, தொட்டுப் பாருங்க, காசு வேணாம், தொடறதுக்குக் காசு வேணாம்!” என்று அவர் ஆரம்பித்தால் சந்தைக்குள் மீன் வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஜாலான் புசார் திடலில் பந்தாட்டம் என்றால் அவரைத் தோளில் வைத்துக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப்போவோம். ஒரு தடவை அவர் போட்ட சத்தத்தில் எதிராளி கோல்கீப்பர், கத்துவது யார் என்று திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் பந்து உள்ளே போய்விட்டது. அது காதர் நானா போட்ட கோல் என்றுதான் தேக்காவில் பல நாள் பேச்சு.

அவர் “எடு!” என்றால் பக்கீரின் கண்ணாடித் தம்ளர்கள் அதிரும். “நானா, மெதுவா லா! இருக்கிறதே எட்டுத் தம்ளர்!” என்பார் பக்கீர்.

தொண்டை கட்டிய மாதிரி

தண்ணீரை அளந்து விட்ட வருஷம் என்று ஞாபகம். வாளியோடு எல்லோரும் குழாயடியில் நின்ற காலம். அப்போதுதான் நானாவின் குரல் கட்டியது. பந்தாட்டத்தில் கத்தியதால்தான் என்றார்கள். பனங்கற்கண்டு, மிளகுப் பால், சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. குரல் வரவில்லை. லேலோங் போடும் இடத்தில் கையைத் தட்டித் தட்டி ஆளைக் கூப்பிட்டார்.

நான்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதலில் எழுதியது லாரிங்காஸ்கோப்பி. நானா வாலைப் பார்த்தார். எங்கள் விளையாட்டில் அவருக்கு எல்லா வாலும் அத்துப்படி.

“பாக்கறதுதானே? பாக்கட்டும். நான் என்ன பொண்ணா, வெக்கப்பட?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

பார்த்தார்கள். துளியூண்டு கிள்ளிச் சோதித்தார்கள். சில நாள் கழித்துப் பெரிய டாக்டர் வந்து சிஸ்டர் மூலமாகச் சொன்னார். புற்று. குரல் வருகிற பெட்டியை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அதிக காலம் இல்லை. சொன்னதோடு, கட்டில் காலில் தொங்குகிற அட்டையில் அந்த வார்த்தையையும் எழுதிவிட்டுப் போனார்.

லாரிஞ்செக்டமி.

அன்று மத்தியானம் நான் போனபோது நானா அந்த அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“எடு” என்றார் நானா, என்னைப் பார்த்து. காற்றாகத்தான் வந்தது. “பாத்தியா? எடு.”

அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“எவ்ளோ நீளமா எழுதிருக்கான் பாருப்பா. குடல்வாலுக்கு இப்படி நீளமா எழுதித்தான் வயித்தக் கிழிச்சானுவ. இவ்ளோ நீளத்துக்குக் கழுத்துலேருந்து என்னெல்லாம் அள்ளுவான்? நாக்கு, தொண்டை, எல்லாம் போயிரும். பொம்மை மாதிரி நிக்கணுமா நான், லேலோங் எடத்துல? வேணாம். கப்பல் ஏறி ஊருக்குப் போறேன். போற வரைக்கும் இந்தக் காத்தாச்சும் மிச்சம்.”

அவர் மனைவி, “தம்பி, நீயாச்சும் சொல்லுப்பா” என்றார். எனக்கும் அந்த நீளம் பயமாகத்தான் இருந்தது. நாங்கள்தானே உட்கார்ந்து நீளத்துக்கு மரியாதை வைத்தோம்.

இரண்டு மூன்று நாள் அப்படியே போயிற்று. பெரிய டாக்டர் வந்தார், போனார். நானா தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று. கப்பல் டிக்கெட் விசாரிக்க மச்சினனை அனுப்பிவிட்டார்.

சிஸ்டர் சொன்னது

நான் சிஸ்டரிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். நீள வார்த்தை என்பதால் நிறைய எடுப்பார்கள் என்று பயப்படுகிறார் என்று சொன்னபோது, அவர் கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“ஆர் உமக்கு அப்பிடிச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. நாங்களாத்தான் நெனச்சோம்.”

அவர் என்னோடு வார்டுக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அட்டையை நானாவின் கையிலிருந்து வாங்கினார்.

“காதர், இதைக் கேளுங்கோ. இந்தச் சொல்லு நீளமா இருக்கிறது பெரிசா வெட்டுறதுக்கில்லை. இன்ன இடம், இன்ன வேலை, அவ்வளவுதான் எண்டு கட்டிப்போடத்தான் நீளம். ‘தொண்டை ஆபரேஷன்’ எண்டு சின்னதா எழுதியிருந்தா நானே பயந்திருப்பன். தொண்டையில என்னத்தையும் எடுக்கலாம். இது அப்பிடி இல்லை. இந்தப் பக்கம் பெட்டியின்ர பேர். இந்தப் பக்கம் எடுக்கிறது. இந்தச் சொல்லுக்கு வெளியால ஒரு நூல் அளவும் டாக்டர் தொட மாட்டார்.”

நானா அட்டையை எட்டிப் பார்த்தார்.

“நாக்கு அதுல இல்லையா?”

“நாக்குக்கு வேற சொல்லு. அது இதில இல்லை.”

“உதடு?”

“இல்லை.”

“பல்லு?”

“பல்லு உங்கட வெத்திலையே எடுத்துப் போட்டுது” என்றார் சிஸ்டர். நானாவின் மனைவி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்.

“இன்னொரு சொல்லும் எழுதுவினம். ஒளிக்க மாட்டன். ட்ரேக்கியாஸ்டமி.”

“வாசல்” என்றார் நானா உடனே.

“ஓம், வாசல்தான். கழுத்தில ஒரு சின்ன வாசல். இனி மூச்சு அதாலதான் போய் வரும். வாயால வராது. குரல் போயிடும், அதையும் ஒளிக்க மாட்டன். ஆனா வேற நாடுகளில சில பேர் காத்தை விழுங்கி, ஏப்பமா வெளியால விட்டு, அந்த ஏப்பத்தை நாக்கால வெட்டிக் கதைக்கினமாம். டாக்டர் சொன்னவர். எல்லாருக்கும் வராது. வந்தாலும் நல்ல வடிவா இராது. ஆனா அதுக்கு நாக்கு வேணும். நாக்கு உங்களிட்ட இருக்கும்.”

நானா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஜன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை வாசனை வந்தது.

“ரெண்டு வார்த்தை” என்றார் கடைசியில். “ரெண்டுக்கு மேல ஒண்ணு எழுதுனாலும் நான் எறங்கி ஓடிருவேன்.”

அந்த நிமிஷத்தை நான் மறக்கவே இல்லை. எத்தனை வருஷம் அந்த வார்த்தைகளைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன்! நீளத்தைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன், தலையைப் பார்த்தேன். அது ஒரு வேலி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. மயங்கிக் கிடக்கிற ஒரு மனுஷனைச் சுற்றி, அவன் எழுந்து கேட்க முடியாத நேரத்தில், ‘இதற்கு மேல் கை வைக்காதே’ என்று நிற்கிற வேலி.

இப்போது புரிந்திருக்கும், அன்று பலகையில் நாங்கள் எதை எண்ணினோம் என்று.

சத்தமில்லாத சாயங்காலங்கள்

ஜாடியை வழக்கம்போல நான்தான் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனேன். மேலே துணி போட்டு மூடியிருந்தேன். அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஜாலான் புசார் திடல் முழுவதையும் நிறைத்த சத்தம் அந்தச் சின்ன ஜாடிக்குள் இருந்தது. படியில் ஏறும்போது தண்ணீர் தளும்பியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நானா பிழைத்துக்கொண்டார். கழுத்து வாசலை மறைத்து ஒரு மெல்லிய துணி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். லேலோங் இடத்தில் மச்சினன் கத்தினான். அவன் கத்துவது மீன்காரன் கத்துகிற மாதிரி இருந்தது. நானா பக்கத்தில் நின்று துணியை உதறிக் காட்டுவார். உதறுகிற விதத்திலேயே பாதி வியாபாரம் ஆகும்.

சாயங்காலம் பக்கீர் கடைக்கு வருவார். நாங்கள் முதலில் விளையாட்டை நிறுத்திவிட்டோம். அவர் மேசையைத் தட்டி ஆரம்பிக்கச் சொன்னார். வால் வரும்போது எல்லோரும் கத்துவார்கள், அவர் மேசையில் ஒரு குத்து விடுவார். பக்கீர் அவர் கேட்காமலே தேயை முன்னால் வைத்துவிடுவார். சொல்ல முடியாதவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பது எப்படி?

ஏப்பப் பேச்சு என்னவாயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. டாக்டர் ஒரு தடவை செய்து காட்டினார் என்றும், நானாவுக்குக் காற்றை விழுங்கினால் விக்கல்தான் வருகிறது என்றும் அவர் மனைவி சொன்னார். சிஸ்டரும், “எல்லாருக்கும் வராது முத்தையா” என்றார். மாதங்கள் போயின. மழைக்காலம் வந்து போனது. நானாவின் வீட்டில் காலி சோடாப் புட்டிகள் நிறையச் சேர்கின்றன என்று மச்சினன் சொன்னபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நானாவின் முறை

மழை விட்ட ஒரு சாயங்காலம். தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லி முடித்திருந்தேன். அடுத்தது யார் என்று பக்கீர் கேட்டார்.

நானா கையைத் தூக்கினார்.

எல்லோரும் தம்ளரைக் கீழே வைத்தோம். தண்டவாள வேலை பார்க்கிற சிங்காரம் ஒருவர் எங்களோடு இருந்தார், எதற்கும் சட்டம் பேசுகிறவர். அவர்கூடத் தம்ளரைக் கீழே வைத்தார்.

நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கிற மாதிரி காற்றை விழுங்கினார். தொண்டை மேலும் கீழும் போயிற்று. பிறகு அது வந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் போடாத மாட்டு வண்டி அச்சு முனகுகிற மாதிரி ஒரு சத்தம், சோடா குடித்துக் குடித்துப் பழகிய ஏப்பம்.

“லா...”

மறுபடியும் விழுங்கினார்.

“ரிஞ்...”

கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

“செக்... டமி.”

சொல்லி முடித்து, சட்டப்படி, கழுத்துத் துணியை விலக்கி அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கே சின்ன வாசல். அதில் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.

சத்தப் பெட்டியை எடுப்பது என்று அர்த்தம் அந்த வார்த்தைக்கு. எடுத்த பிறகு, அந்தப் பெட்டி இல்லாமல், அதே வார்த்தையை ஒரு மனுஷன் எங்கள் முன்னால் உட்கார்ந்து சொல்கிறார்.

யாரும் வாலைக் கத்தவில்லை. நானா மேசையில் ஒரு குத்து விட்டார், என்னடா பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்கிற மாதிரி.

“எடு!” என்று கத்தினோம். எல்லோருக்கும் குரல் உடைந்திருந்தது.

சிங்காரத்துக்குத்தான் முதலில் பழைய புத்தி திரும்பியது. “எல்லாம் சரிதான். ஆனா சட்டப்படி பாத்தா ஒரே மூச்சுல சொல்லல. மூணு தடவ நிறுத்துனாரு.”

“யோவ் சிங்காரம்” என்றார் பக்கீர். “அவரு மூச்சு கழுத்துல போவுது. வாயில மூச்சே இல்ல. நீ மூச்சு விட்டுச் சொல்லுவே, அவரு மூச்சே விடாம சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்னய்யா சட்டம் ஒனக்கு?”

நானாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். சத்தம் இல்லை. கழுத்து வாசலிலிருந்து விசில் மாதிரி காற்று மட்டும் வந்தது. துணியை இழுத்து மூடிக்கொண்டார்.

பிறகு பக்கீரைப் பார்த்து இன்னொரு தடவை காற்றை விழுங்கினார்.

“தே.”

பக்கீர் கையில் ஒரு தம்ளர் ஏற்கெனவே இருந்தது. நானாவுக்காக ஊற்றியதுதான். அதை அவர் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு, காதைச் சாய்த்து நின்றார்.

“என்ன வேணும்னீங்க நானா? கூரையில தண்ணி சொட்டுற சத்தத்துல சரியா விளங்கல. இன்னொரு தடவ சொல்லுங்க.”